ஜெராக்ஸ் கடையும் தரவு மையமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. லேத் பட்டறை, வார்ப்படம், கார் உதிரிபாகம் என்று இரும்பை நம்பிப் பிழைத்த பேட்டை. அதே தெருக்களில் இப்போது ஜன்னலே இல்லாத உயரமான கட்டடங்கள் சில நிற்கின்றன. சரக்கு லாரி வரிசை கிடையாது. ஷிப்ட் விட்டுக் கூட்டமாக ஆட்கள் வெளியே வருவதும் கிடையாது. குளிரூட்டும் எந்திரங்களின் இரைச்சல் மட்டும் இரவுபகலாகக் கேட்கிறது. இவை தரவு மையங்கள். ஜப்பானின் என்டிடி நிறுவனம் 2023இல் இங்கே ஒரு வளாகத்தைத் திறந்தது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் கூட்டுச் சேர்ந்த டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியில் இன்னொன்றைத் திறந்தது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் சென்னை. அம்பத்தூரில் தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கிய மனையும் அதற்கேற்ற மின்சாரமும் இருக்கின்றன. நம் படங்களும் கணக்குகளும் எங்கோ ‘கிளவுடில்’ இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த மேகத்தின் ஒரு துண்டு எஸ்டேட் பஸ் போகும் வழியில்தான் இறங்கியிருக்கிறது.

இத்தகைய கட்டடத்துக்குள் நுழைய வேண்டுமானால் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். வாசலில் அடையாளச் சோதனை, அடுத்த கதவில் அட்டை, அதற்கடுத்த கதவில் கைரேகை. ஒவ்வொரு அடியும் கேமராவில் பதிவாகும். நம் தரவுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

சில நிமிட நடைதூரத்தில் நான் போய்வரும் ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. ரேஷன் அட்டையை பிரிண்ட் எடுக்கப் போனேன். “இந்த நம்பருக்கு வாட்ஸப் பண்ணுங்க சார்” என்றான் கடைத் தம்பி. அனுப்பினேன். என் பக்கம் திரும்பியிருந்த கணினித் திரையில், என்னுடையதற்குக் கீழே, முன்பின் தெரியாதவர்களின் ஆதார்கள் வரிசையாக நின்றன. ஒரு பான் அட்டை. யாருடைய மார்பு எக்ஸ்ரேயோ. ராசிக்கட்டத்தோடு ஒரு ஜாதகம். வாடகை ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பக்கம். தம்பி நல்ல பையன், யாரையும் ஏமாற்றுபவன் அல்ல. அவனுடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு வார்டே குடியிருக்கிறது என்பதை அவன் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தரங்க உரிமையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஹேக்கரும் அமெரிக்க நிறுவனங்களும் ஒட்டுக்கேட்கும் அரசும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றிய பயம் பொய்யல்ல. ஆனால் தமிழ்நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் அந்தரங்கம் உடைந்த பெரிய வழக்குகளை எடுத்துப் பார்த்தால், தரவைச் சேமித்துவைத்த கிடங்கின் பூட்டை உடைத்து நடந்தது அரிது. வாங்கும் இடத்தில், பதியும் இடத்தில், கையாளும் ஆளிடத்தில் நடந்ததே அதிகம். சட்டம் கிடங்குக்குக் காவல் போட்டுக்கொண்டிருக்க, கசிவு கவுண்ட்டரில் நடக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

அதற்கு முன் ஒரு பழைய விஷயம். அந்தரங்கம் என்பது மேட்டுக்குடியின் கவலை, மேற்கத்திய இறக்குமதி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்திலேயே இதையொட்டிய வாதம் வைக்கப்பட்டு, நிராகரிக்கப்பட்டது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த வாதம் விசித்திரமாகவே படும். அன்பின் ஐந்திணையைப் பாடும்போது இன்னாரென்று பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஏக்கத்தைச் சொல்லலாம், பிரிவைச் சொல்லலாம், களவைக்கூடச் சொல்லலாம். ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது அகம் அல்ல. ஊர்ப் பேச்சுக்கும் அக இலக்கியம் இரண்டு சொற்கள் வைத்திருந்தது. வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பரவிவிட்டால் அலர். அம்பல் அலராக மாறும் அந்த இடைவெளியில்தான் தலைவியின் நிம்மதி இருந்தது. இணையம் அந்த இடைவெளியை ஒரு ஃபார்வர்டு பொத்தான் அளவுக்குச் சுருக்கிவிட்டது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊருக்கு முன்பு ஓர் எல்லையாவது இருந்தது.

இந்தியாவில் அந்தரங்க உரிமையின் சட்ட வரலாற்றில் ஒரு முக்கிய மைல்கல் தமிழ்நாட்டில் நடப்பட்டது. அதை நட்டவர் உத்தமர் ஒருவர் அல்ல, ஆட்டோ சங்கர். கொலை வழக்குகளில் 1991இல் மரண தண்டனை பெற்ற சங்கர், செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சுமார் 300 பக்கத்தில் தன் வரலாற்றை எழுதியதாகவும், அதில் காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலருடன் தனக்கிருந்த உறவைச் சொல்லியிருப்பதாகவும் ‘நக்கீரன்’ அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது: இது சங்கர் எழுதியதல்ல, வெளியிடாதீர்கள், வெளியிட்டால் நடவடிக்கை. ஆசிரியர் ராஜகோபாலும் இணையாசிரியர் காமராஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பை இன்று படித்தாலும் பழசாகத் தெரியவில்லை. தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. குடும்பம், திருமணம், மகப்பேறு, கல்வி பற்றியெல்லாம் ஒருவர் சம்மதமின்றி எழுதக் கூடாது, எழுதுவது உண்மையாகவே இருந்தாலும். நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் ஏறிவிட்டால் எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயருக்கு அந்த விலக்கு பொருந்தாது. மூன்றாவதுதான் முக்கியம். அரசு அதிகாரி தன் அலுவல் கடமையில் செய்த காரியத்துக்கு அந்தரங்கம் கோர முடியாது. பத்திரிகையை முன்கூட்டித் தடுக்கவும் அரசுக்கு அதிகாரமில்லை. பொதுப் பதிவில் இருப்பதை எழுதச் சங்கரின் சம்மதம் தேவையில்லை என்று சொல்லி நக்கீரனை அனுமதித்தார்கள். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரை ஒட்டிப் பிறந்த வழக்கு, ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று, இன்றும் நாடெங்கும் மேற்கோளாகிக்கொண்டிருக்கிறது.

பிறகு 2017 ஆகஸ்ட் 24. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012இல் போட்ட வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 1954, 1962ஆம் ஆண்டுகளின் மாறுபட்ட தீர்ப்புகள் வழிவிட்டன. அடுத்த ஆண்டு வந்த ஆதார் தீர்ப்பு திட்டத்தைக் காப்பாற்றியது; வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதை நீக்கியது. கேட்காமலேயே ஆதார் நகலை நீட்டும் பழக்கத்தை எந்தத் தீர்ப்பாலும் நீக்க முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தது. நல்ல புத்திமதி. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று காரணம் சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்போம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாஸ்க்டு ஆதார் என்ற வசதி மட்டும் அப்படியே இருக்கிறது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அதை ஏற்றுக்கொள்ளும் கவுண்ட்டரை நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். “முழு நம்பர் தெரியணும் சார்” என்பதே பதில்.

இப்போது கசிவுகளுக்கு வருவோம்.

பொள்ளாச்சி, 2019. பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகித் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியே சொன்னது யூடியூப்காரர் அல்ல. மாவட்டக் காவல் அதிகாரியின் செய்தியாளர் சந்திப்பில் அது வெளிப்பட்டது. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அவர் பெயர் அச்சாகியிருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை. அவர் பெயரும் முகவரியும் அடங்கிய முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளத்திலேயே திறந்து கிடந்தது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய நியாய சன்ஹிதாவுக்கு மென்பொருளை மாற்றியபோது நேர்ந்த கோளாறு என்றார்கள். உயர் நீதிமன்றம் விடுமுறை நாளான சனிக்கிழமை கூடி, டிசம்பர் 28 அன்று, பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. அரசு 25 லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. ஐந்தேமுக்கால் ஆண்டு இடைவெளியில் அதே தவறு, அதே தொகை.

2025 ஜூலையில் இன்னொன்று. தன் அந்தரங்கக் காட்சிகள் சம்மதமின்றி இணையத்தில் பரவியதை எதிர்த்து ஒரு பெண் வழக்கறிஞர் உயர் நீதிமன்றம் வந்தார். 48 மணி நேரத்தில் நீக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். விசாரணையின்போது வெளிவந்தது அதைவிட மோசம்: முதல் தகவல் அறிக்கையில் அப்பெண்ணின் பெயர் இருந்தது; ஆண் காவலர்கள் சூழ்ந்திருக்க அக்காட்சிகளை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி கண்டித்தார். பெயரை நீக்கச் சொன்னார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும் இப்போது நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும் சொல்கின்றன. பெயர் சுட்டாதே என்ற அகத்திணை விதியை நம் காவல் நிலையங்களுக்கு இன்னும் யாரும் பாடம் நடத்தவில்லை போலும்.

எண்ணிக்கையில் பெரிய கசிவுகளும் உண்டு. 2021இல் தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 49 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்ணோடு, இணையத்தில் கிடப்பதாக பெங்களூரு நிறுவனமான டெக்னிசாங்க்ட் கூறியது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள் வெளியாள் நுழைந்த செய்தி வந்தது. சந்தேகப்படுபவரைக் கைபேசியில் படமெடுத்து, குற்றவாளிகளின் படத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க 2021 அக்டோபரில் அறிமுகமான ஏற்பாடு அது. காவல்துறை தந்த விளக்கத்தின்படி நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல்தான் களவுபோனது. முக்கியத் தரவு எதுவும் போகவில்லை. சரி, நம்புவோம். நம்பினாலும், உடைந்தது மதில் அல்ல, ஒருவர் கையிலிருந்த சாவி என்பதைத்தானே இவ்விளக்கம் சொல்கிறது?

அம்பத்தூரை அடுத்த ஆவடிக்காரர்களுக்கு ரகசியம் புதிதல்ல. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனமும் இருக்கும் ஊர். புகைப்படம் எடுக்கத் தடை என்று மதிலுக்கு மதில் பலகை. எந்தச் சுவரை நோக்கிக் கேமராவைத் தூக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே பிள்ளையின் படத்தைப் பள்ளி விளம்பரத்துக்குப் போடும்போதும், அவளுடைய பரீட்சை மதிப்பெண்ணை வகுப்பு வாட்ஸப் குழுவில் அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியப் போடும்போதும், அங்கே ஒரு பலகை இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அரசின் ரகசியத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஆளின் ரகசியம் தெரியாமல்போவது இந்த ஊரின் வினோதம்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார் ஒரு கணவர். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். கணவனிடமிருந்தும் மனைவிக்கு அந்தரங்கம் உண்டு என்றார். 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதியர் ஒருவரையொருவர் ரகசியமாகப் பதிவுசெய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது; உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்ட திருமணம் ஏற்கெனவே முறிந்ததுதான் என்பது அதன் பார்வை. எனக்கு மதுரையின் சொல்லே சரியாகப் படுகிறது.

பெயரைப் பற்றி இன்னொரு வழக்கு. பாலியல் வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு, 2014இல் மேல்முறையீட்டில் விடுதலையானவர் ஒருவர். விடுதலைத் தீர்ப்பு அவர் பெயரோடு இணையத்தில் இருந்தது; பெயரைத் தேடினால் குற்றச்சாட்டுதான் முதலில் வந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமை முயற்சி அதனால் தடைப்பட்டதாகச் சொல்லி, தீர்ப்பிலிருந்து பெயரை நீக்கக் கேட்டார். தரவுச் சட்டம் வரட்டும் என்று 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பொது ஆவணமான தீர்ப்பை எப்படி அகற்றுவது என்ற அதன் கேள்வியில் நியாயமில்லாமலில்லை. ஆனால் இதில் ஒரு கொடுமை: மறக்கப்படும் உரிமைக்காக அவர் போட்ட வழக்கே அவர் பெயரால் வழங்குகிறது. சட்டப் புத்தகங்களில் அது இனி இருக்கும். இங்கே நான் எழுதவில்லை.

இனிப் புதிய சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் தந்தார். விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும். தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் எதில் கேட்டாலும் தர வேண்டும், தமிழிலும் கேட்கலாம். இவை நல்லவை.

அபராதம் யாருக்குப் போகும்? அரசின் தொகுப்பு நிதிக்கு. தரவைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசாவும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கேட்க வழி வைத்திருந்தது. புதிய சட்டம் அப்பிரிவை நீக்குகிறது. மாறாக, பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்கு தரலாம்.

கவுண்ட்டருக்கும் சட்டம் வந்து சேரவில்லை. டிஜிட்டலாகப் பெற்ற தரவுக்கும், தாளில் வாங்கிப் பின்னர் டிஜிட்டலாக்கிய தரவுக்குமே அது பொருந்தும். அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நீட்டும் நீள நோட்டு இருக்கிறதே, பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க, என்ன காரணம் என்று நமக்கு முன்னால் வந்த இருபது பேரின் விவரத்தைப் படித்துக்கொண்டே நாம் எழுதும் நோட்டு, அது தாளாகவே இருக்கும்வரை இச்சட்டத்துக்கு வெளியே. ஒரு பெண் வேலை முடிந்து எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகிறாள், அவள் எண் என்ன என்பதை அடுத்து வரும் யாரும் வாசிக்கலாம். அம்பலுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் வடிவமைக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்துக்கு நேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. பொதுநலன் இருந்தால் அதிகாரியைப் பற்றிய தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று 8(1)(ஜே) பிரிவு சொல்லியிருந்தது. புதிய தரவுச் சட்டம் அதைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. இத்திருத்தத்துக்கு 18 மாதக் காத்திருப்பு கிடையாது. 2025 நவம்பரிலேயே அமலாகிவிட்டது. பொதுநலனை முன்னிட்டுத் தரலாம் என்னும் 8(2) பிரிவு மிச்சமிருக்கிறது, ஆனால் தருவதும் மறுப்பதும் அலுவலர் மனசு. குடிமகனின் தரவைக் காக்கும் பகுதி 2027க்கு. அதிகாரியின் தகவலை மறைக்கும் பகுதி உடனடியாக. அலுவல் காரியத்துக்கு அந்தரங்கம் கோர முடியாது என்று ராஜகோபால் வழக்கில் சொல்லி அப்போது 31 ஆண்டு ஆகியிருந்தது. ஆட்டோ சங்கரின் கையெழுத்துப் பிரதியை நிறுத்தப் பார்த்த அதே மனம், இம்முறை அந்தரங்கத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

செய்யக்கூடியவை பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் கவுண்ட்டர் மட்டத்தில் செய்யலாம். உள்ளாட்சி அலுவலகங்களும் இ-சேவை மையங்களும் மாஸ்க்டு ஆதாரை ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். ஜெராக்ஸ் கடை உரிமத்தில், வந்த கோப்பை அன்றே அழிக்க வேண்டும் என்று மாநகராட்சி ஒரு வரி சேர்க்கலாம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தட்டச்சும் ஆளுக்கு அரைநாள் பயிற்சி கொடுக்க ஆவடி ஆணையரகத்துக்கு தில்லியின் அனுமதி தேவையில்லை. 25 லட்சத்தைவிட அது மலிவும்கூட.

அன்று கடைத் தம்பியிடம் கேட்டேன், “என் ஃபைலை அழிச்சிடுறியாப்பா?” அவன் கோபப்படவில்லை. மவுஸை என் பக்கம் தள்ளி, “நீங்களே அழிச்சிக்கோங்க சார்” என்றான். என்னுடையதை அழித்தேன். மற்றவர்களுடையது அப்படியே இருந்தது.